மஸ்ட், ஷுட், ஹேவ் டு: கட்டளைக்கும் விதிக்கும் அறிவுரைக்கும் எந்த ஆங்கிலச் சொல்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மார்த்தாண்டத்தில் மாலை நேரத்தில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்து வருகிறேன். வெளிநாட்டு வேலைக்குத் தயாராகும் நர்சுகள், கப்பல் வேலைக்குப் போகிற கடற்கரைப் பிள்ளைகள், கன்னியாகுமரியில் லாட்ஜிலும் கடையிலும் நிற்பவர்கள், கல்லூரி மாணவர்கள் என்று பலரும் வருகிறார்கள். ஆட்கள் மாறினாலும் ஒரு சந்தேகம் மட்டும் மாறுவதில்லை: ஒருவரிடம் ஒன்றைச் செய்யச் சொல்ல எந்தச் சொல்லை எடுப்பது? அவர்கள் கேட்டதை அவர்கள் கேட்ட மாதிரியே இங்கே தொகுத்திருக்கிறேன். முதலிலிருந்து படித்து வந்தால் நல்லது. பின்னால் உள்ள பதில்கள் முன்னால் சொன்னதைப் பிடித்துக்கொண்டுதான் போகும்.

டீச்சர், மஸ்ட், ஷுட், ஹேவ் டு எல்லாத்துக்கும் 'வேண்டும்'னுதானே அர்த்தம்? பின்ன எதுக்கு இத்தனை சொல்?

தமிழிலும் எல்லா 'வேண்டும்' ஒரே எடை கிடையாது. 'மாத்திரை போடணும்' என்று டாக்டர் சொன்னால் உத்தரவு, பக்கத்து வீட்டு அக்கா சொன்னால் அக்கறை. சொல் ஒன்றுதான். சொல்பவர் யார், குரல் எப்படி இருக்கிறது என்று பார்த்துக் கேட்பவர் புரிந்துகொள்கிறார். அதுவும் போதாவிட்டால் 'கண்டிப்பா', 'முடிஞ்சா' என்று ஒரு சொல்லைக் கூடச் சேர்த்துக்கொள்கிறோம்.

ஆங்கிலத்தில் அந்த எடை சொல்லிலேயே இருக்கிறது. நம் ஆட்கள் எல்லா 'வேண்டும்'களுக்கும் மஸ்ட் போட்டுவிடுவதால், அக்கறையாகச் சொன்னதுகூட அதிகாரமாகப் போய் விழுகிறது. அதனால் வாய் திறக்கும் முன் இரண்டு விஷயம் யோசியுங்கள். இந்தக் கட்டாயம் யாரிடமிருந்து வருகிறது? மீறினால் என்ன ஆகும்? பெரும்பாலான இடங்களில் இந்த இரண்டே சொல்லைக் காட்டிக்கொடுத்துவிடும். மூன்றாவதாக ஒன்றும் உண்டு, அதைப் பின்னால் சொல்கிறேன்.

மஸ்ட், ஹேவ் டு, ரெண்டும் ஒண்ணுதான்னு எங்க பள்ளிக்கூட டீச்சர் சொன்னாவ. அது சரியா?

பாதி சரி. பல வாக்கியங்களில் ஒன்றை எடுத்துவிட்டு இன்னொன்றை வைக்கலாம். ஆனாலும் கட்டாயம் எங்கிருந்து வருகிறது என்பதில் ஒரு சாய்வு இருக்கிறது. மஸ்ட் சொல்லும்போது அந்தக் கட்டாயம் சொல்பவரிடமிருந்தே வருவதுபோல் கேட்கும். ஹேவ் டு சொன்னால், வெளியே ஒரு விதி இருக்கிறது, நான் அதை எடுத்துச் சொல்கிறேன் என்று கேட்கும்.

பத்மநாபபுரம் அரண்மனைக்கு வெளிநாட்டுக்காரர்களைக் கூட்டிப் போகும் வழிகாட்டியை நினைத்துப் பாருங்கள். அங்கே செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக முடியும். அவர் 'யூ மஸ்ட் ரிமூவ் யுவர் ஷூஸ்' என்றால் அவரே அதட்டுவதுபோல் இருக்கும். 'யூ ஹேவ் டு' என்றால், 'இங்கே அப்படித்தாங்க, நானும் கழற்றியாகணும்' என்ற தொனி வந்துவிடும். வாசலில் உள்ள பலகையில் மஸ்ட் எழுதலாம், ஏனென்றால் பலகை விதி போட்டவருடைய குரல். பேச்சில் சந்தேகம் வந்தால் ஹேவ் டு எடுங்கள். அன்றாடப் பேச்சில் அதிகம் புழங்குவதும் அதுதான்.

மஸ்ட் நாட், டோன்ட் ஹேவ் டு ரெண்டுமே 'வேண்டாம்'தானே?

இல்லை. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதில்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள். மஸ்ட் நாட் என்றால் கூடாது. டோன்ட் ஹேவ் டு என்றால் தேவையில்லை, விரும்பினால் செய்யலாம். 'வேண்டும்' பக்கத்தில் அக்கா தங்கை மாதிரி இருந்த இரண்டு சொற்களும் 'நாட்' வந்ததும் எதிரெதிர் வீட்டுக்குப் போய்விடுகின்றன.

தமிழ் 'வேண்டாம்' இரண்டையும் தாங்கும். 'நீ வரவேண்டாம்' என்றால் வராதே என்றும் எடுக்கலாம், வரணும்னு கட்டாயம் இல்லை என்றும் எடுக்கலாம். அந்தப் பழக்கத்தில் ஆங்கிலத்தைக் கேட்டால் ஏமாந்துபோவோம். வளைகுடாவில் வேலை பார்த்த ஒரு தம்பியிடம் அவருடைய மேற்பார்வையாளர் 'யூ டோன்ட் ஹேவ் டு கம் ஆன் ஃப்ரைடே' என்று சொல்லியிருக்கிறார். வரக்கூடாது என்று நினைத்து மூன்று வெள்ளிக்கிழமை அறையிலேயே இருந்திருக்கிறார். வந்தவர்களுக்கு ஓவர்டைம் கிடைத்தது. விளவங்கோடு பக்கத்துப் பிள்ளைகளுக்கு மலையாளம் தெரியும் என்பதால் அவர்களுக்கு ஒரு குறுக்குவழி சொல்வேன்: மஸ்ட் நாட் என்பது 'பாடில்லா', டோன்ட் ஹேவ் டு என்பது 'வேண்டா'.

நர்சுகளுக்கு இது உயிர் விஷயம். அறுவை சிகிச்சைக்கு முன்னால் வயிறு காலியாக இருக்கவேண்டும். மயக்கத்தில் இருக்கும்போது வயிற்றில் உள்ளது மேலே வந்து மூச்சுக்குழாயில் இறங்கினால் பெரிய ஆபத்து. திட உணவை 6 மணி நேரத்துக்கு முன்பே நிறுத்தச் சொல்வது வழக்கம். அந்த நோயாளியிடம் 'யூ டோன்ட் ஹேவ் டு ஈட்' என்று சொன்னால், 'பசித்தால் சாப்பிடுங்க' என்று சொன்னதாகத்தான் அவர் எடுத்துக்கொள்வார். 'யூ மஸ்ட் நாட் ஈட் எனிதிங்' என்று அழுத்தமாகச் சொல்லுங்கள். இந்த இடத்தில் மென்மை தேவையில்லை. சேர்த்துச் சொல்லும்போது நடுவில் உள்ள 'ட்' கேட்காது, 'மஸன்ட்' என்றுதான் ஒலிக்கும். அந்த ஒலியையும் காதில் பழக்கிக்கொள்ளுங்கள்.

நீட் டு எங்கே வரும்?

உள்ளிருந்து வரும் தேவைக்கு. வண்டிக்குப் பெட்ரோல் வேண்டும், உடம்புக்குத் தூக்கம் வேண்டும் என்கிற மாதிரி. 'யூ நீட் டு ரெஸ்ட்' என்றால் உங்கள் உடம்பு அதைக் கேட்கிறது என்று பொருள். 'நீட் நாட்', 'டோன்ட் நீட் டு' இரண்டும் மேலே சொன்ன 'தேவையில்லை' கூட்டம்தான். ஆனால் மேலதிகாரி உங்களிடம் 'ஐ நீட் யூ டு ஃபினிஷ் திஸ் டுடே' என்றால், அவருடைய தேவையைச் சொல்வதாக நினைத்துவிடாதீர்கள். அது உத்தரவு.

ஷுட் போட்டா கட்டாயமா, இஷ்டமா?

இரண்டுக்கும் நடுவில். செய்வதுதான் சரி, செய்யாவிட்டால் அதற்கு ஒரு நியாயமான காரணம் உங்களிடம் இருக்கவேண்டும். இந்த நடு இடத்தைப் புரிந்துகொள்ள இரண்டு நல்ல உதாரணங்கள் இருக்கின்றன.

ஒன்று, பிரிட்டனின் சாலை விதிப் புத்தகமான ஹைவே கோட். அங்கே போய் லைசென்ஸ் எடுக்கும் நம் ஊர் நர்சுகள் எல்லாரும் படிக்கிற புத்தகம். அதில் மஸ்ட் என்று தடித்த எழுத்தில் இருந்தால் அதற்குப் பின்னால் ஒரு சட்டம் இருக்கிறது, மீறினால் குற்றம். ஷுட் என்று இருந்தால், கேட்காததற்காக மட்டும் வழக்கு வராது. ஆனால் விபத்து என்று வந்துவிட்டால், அந்த அறிவுரையை நீங்கள் கேட்கவில்லை என்பதை நீதிமன்றத்தில் உங்களுக்கு எதிராக எடுத்துவைக்கலாம். ஷுட்டின் எடை இதுதான். தடி இல்லை, ஆனால் பொறுப்பு இருக்கிறது.

இன்னொன்று மென்பொருள் வேலை பார்க்கும் பிள்ளைகளுக்கு. இணையத்தின் தொழில்நுட்ப விதிகளை எழுதுகிறவர்கள் இந்தச் சொற்களைக் குழப்பமில்லாமல் பயன்படுத்தவேண்டும் என்பதற்காகவே 1997-ல் ஆர்எஃப்சி 2119 என்று ஓர் ஆவணம் வெளியிட்டார்கள். அதன்படி மஸ்ட் என்றால் விலக்கே இல்லை. ஷுட் என்றால் சில சூழ்நிலைகளில் மீறக் காரணம் இருக்கலாம், ஆனால் விளைவை முழுசாக எடைபோட்டுவிட்டுத்தான் மீறவேண்டும். மே என்றால் உங்கள் விருப்பம். எந்த இலக்கணப் புத்தகத்தையும்விட இந்த விளக்கம் எனக்குத் தெளிவாகப் படுகிறது.

ஆட் டுவும் ஷுட்டும் ஒண்ணா?

ஏறக்குறைய. ஆட் டு (ought to) கொஞ்சம் பழைய தொனி, கடமை வாசனை அதிகம். பேச்சில் குறைவாகத்தான் வரும். பேசுவதற்கு ஷுட் போதும், படிக்கும்போது ஆட் டுவை அடையாளம் தெரிந்தால் சரி. ஷுட்டுக்குப் பின் 'டு' வராது, ஆட்டுக்குப் பின் வந்தே ஆகவேண்டும்.

இதன் பிறப்பு எனக்குப் பிடிக்கும். கடன்பட்டிருப்பதைச் சொல்லும் 'ஓ' (owe) என்ற வினைச்சொல்லின் பழைய இறந்தகால வடிவம்தான் ஆட். செய்யவேண்டியதைக் கொடுக்கவேண்டிய கடனாக அவர்கள் பார்த்திருக்கிறார்கள். நாமும் அப்படித்தான். வாங்கிய பணமும் கடன், செய்யவேண்டிய கடமையும் கடன். இதை வகுப்பில் சொன்ன பிறகு ஆட் டுவின் பொருளை யாரும் மறந்ததில்லை.

ஹேட் பெட்டர்னா 'செஞ்சா நல்லது'தானே? நான் அதையே எல்லார்கிட்டயும் சொல்லுதேன்.

நிறுத்திவிடுங்கள். 'பெட்டர்' என்ற சொல்லைப் பார்த்து ஏமாறுகிறோம். ஹேட் பெட்டருக்குள் ஓர் எச்சரிக்கை ஒளிந்திருக்கிறது: செய், இல்லாவிட்டால் கெட்டது நடக்கும். 'யூட் பெட்டர் டேக் யுவர் டேப்லெட்' என்று நோயாளியிடம் சொன்னால், 'ஒழுங்கா மாத்திரையைப் போடு, இல்லேன்னா பாரு' என்பதற்குக் கிட்டத்தில் போய்விடும். வயதில் பெரியவரிடமும், மேலதிகாரியிடமும், முன்பின் தெரியாதவரிடமும் வேண்டாம்.

எங்கே நன்றாகப் பொருந்தும்? வீட்டுக்குள்ளும் நண்பர்களிடையிலும். வானம் இருட்டிக்கொண்டு வருகிறது, நண்பன் பைக்கை எடுக்கிறான்: 'யூட் பெட்டர் டேக் எ ரெயின்கோட்.' உங்களுக்கே சொல்லிக்கொள்ளவும் நல்லது: 'ஐட் பெட்டர் கோ, த லாஸ்ட் பஸ் இஸ் அட் டென்.' ஹேட் என்று இறந்தகாலம் மாதிரி இருந்தாலும் இப்போதையும் இனிமேலையும் பற்றித்தான் பேசுகிறது. இதற்கும் பின்னால் 'டு' கிடையாது.

அப்படின்னா பேஷன்ட்கிட்ட அறிவுரையை எப்படிச் சொல்றது? ஓஇடி எழுதப்போறேன் அக்கா.

ஓஇடி என்பது வெளிநாட்டு வேலைக்குப் போகும் நர்சு, டாக்டர் போன்றவர்கள் எழுதும் ஆங்கிலத் தேர்வு. அதன் பேச்சுப் பகுதியில் இரண்டு ரோல்பிளே, அதாவது நோயாளியிடம் பேசுவதுபோல் நடித்துக் காட்டுவது, ஒவ்வொன்றும் ஏறக்குறைய 5 நிமிடம். நோயாளியின் பக்கத்தைப் புரிந்துகொண்டு பேசுகிறீர்களா என்பதற்கும் அதில் மதிப்பெண் உண்டு. நம் பிள்ளைகளுக்கு இலக்கணம் நன்றாகவே தெரிகிறது. ஆனால் வார்டில் பழகிய தோரணை வந்துவிடுகிறது. 'யூ மஸ்ட் வாக் டெய்லி, யூ மஸ்ட் ரெட்யூஸ் சால்ட், யூ மஸ்ட் ஸ்டாப் ஸ்மோக்கிங்' என்று மூன்று மஸ்ட் வரிசையாக வந்தால் எதிரில் இருப்பவர் வாயை மூடிக்கொள்வார்.

முதலில் கேளுங்கள், பிறகு சொல்லுங்கள். 'ஹவ் டூ யூ ஃபீல் அபவுட் வாக்கிங் எ லிட்டில் எவ்ரி டே?' என்று தொடங்கலாம். யோசனை சொல்ல குட் (could): 'யூ குட் ஸ்டார்ட் வித் டென் மினிட்ஸ்.' கொஞ்சம் அழுத்தம் வேண்டுமானால் 'ஐட் அட்வைஸ் யூ டு...' அல்லது ஷுட். மஸ்டைக் கைவிடச் சொல்லவில்லை, சேமித்து வையுங்கள். மருந்தை நிறுத்தினால் உயிருக்கு ஆபத்து என்கிற இடத்தில் அதை ஒரே ஒரு தடவை எடுத்தால் அதன் கனம் கேட்பவருக்குப் புரியும்.

பிளீஸ் போட்டா மரியாதை வந்திடாதா?

பிளீஸ் போட்டாலும் கட்டளை கட்டளைதான், கொஞ்சம் மென்மையாகும், அவ்வளவே. 'பிளீஸ் சிட் டவுன்' சரி, ஏனென்றால் உட்காருவது அவருக்கு நல்லது. 'பிளீஸ் சென்ட் த ரிப்போர்ட்' என்று மேலதிகாரிக்கு அனுப்பினால் அவருக்கு வேலை கொடுத்த மாதிரி இருக்கும். 'குட் யூ சென்ட் மீ த ரிப்போர்ட்?' என்று கேள்வியாக்குங்கள். கேள்வி என்றால் மறுக்க ஒரு வாசல் திறந்திருக்கிறது என்று அர்த்தம். ஆங்கிலத்தில் மரியாதை அந்த வாசலில்தான் இருக்கிறது.

நம் ஊரில் மரியாதை வேறு இடத்தில் இருக்கிறது. 'மக்களே, இதைக் கொஞ்சம் பிடி' என்று ஓர் அம்மா தெருவில் போகும் பிள்ளையிடம் சொன்னால் யாருக்கும் உறுத்தாது. 'பிடி' என்பது நேரடி ஏவல்தான், ஆனால் பிள்ளையைச் செல்லமாகக் கூப்பிடும் 'மக்களே' அதன் முனையை மழுக்கிவிடுகிறது. அண்ணே, அக்கா, தம்பி, 'கொஞ்சம்', கடைசியில் ஒரு 'ங்க' என்று நம் பணிவு முழுக்க விளிச் சொல்லிலும் விகுதியிலும் இருக்கிறது. ஆங்கிலத்தில் பேசும்போது அந்த மக்களேயும் ங்கவும் உதிர்ந்துபோய் வெறும் 'பிடி' மட்டும் நிற்கிறது. நம்மை முரடர்கள் என்று சிலர் நினைப்பதற்கு இதுதான் காரணம் என்று உறுதியாக நம்புகிறேன். மனசில் இருக்கும் 'மக்களே'யை குட் யூ, வுட் யூ என்று மாற்றிச் சொல்லப் பழகுங்கள்.

'யூ மைட் வாண்ட் டு செக் திஸ் அகெய்ன்'னு என் மேனேஜர் எழுதினார். மைட்னா 'ஒருவேளை'தானே, நான் விட்டுட்டேன். ஏன் கோவிச்சுக்கிட்டார்?

முந்தைய பதிலின் மறுபக்கம் இது. அவர் வாசலைத் திறந்து வைத்துக்கொண்டே உத்தரவு போட்டிருக்கிறார். பிரிட்டிஷ்காரர்கள் நிறையப் பேர் இப்படித்தான் எழுதுவார்கள். இதில் தப்பு இருக்கிறது, திருத்து என்பதுதான் செய்தி. நேரடியாகச் சொன்னால் உங்களுக்கு முகம் வாடும் என்று சுற்றிவளைத்திருக்கிறார்.

எப்படித் தெரிந்துகொள்வது? முதல் பதிலில் சொன்னதையே கேட்டுப் பாருங்கள். யாரிடமிருந்து வருகிறது? மேலதிகாரியிடமிருந்து. அவரிடமிருந்து வரும் மைட்டுக்கும் குட்டுக்கும் ஒரு படி கூடுதல் எடை போட்டுக் கேளுங்கள். 'ஐ வொண்டர் இஃப் யூ குட்...' என்று வந்தால் அவர் எதையும் வியந்துகொண்டிருக்கவில்லை, நீங்கள் செய்வதற்காகக் காத்திருக்கிறார்.

கன்னியாகுமரிக்கு வந்த ஒரு வெள்ளைக்கார அம்மா 'யூ மஸ்ட் விசிட் அஸ்'னு சொன்னாங்க. மஸ்ட் அதிகாரம்னா, எங்கிட்ட ஏன் அப்படிச் சொன்னாங்க?

மூன்றாவது கேள்வி என்று சொல்லி வைத்திருந்தேனே, அது இதுதான்: சொல்வதைச் செய்தால் யாருக்கு நன்மை? நன்மை கேட்பவருக்கு என்றால் மஸ்ட் அன்பாகிவிடும். 'யூ மஸ்ட் ட்ரை திஸ் ஃபிஷ் கறி', 'யூ மஸ்ட் கம் ஹோம்' இரண்டும் நாம் 'கண்டிப்பா வீட்டுக்கு வரணும்' என்று கையைப் பிடித்துக்கொண்டு சொல்வது மாதிரி. இந்த இடத்தில் 'யூ மே விசிட் அஸ்' என்று பணிவாகச் சொல்ல நினைத்தால், அனுமதி கொடுத்த மாதிரி ஆகி எல்லாம் கெட்டுவிடும். நன்மை சொல்பவருக்கு என்றால் மஸ்ட் கடுமையாகிவிடும், அங்கே குட் யூ தேவை.

மஸ்டுக்கு இன்னொரு முகமும் உண்டு. 'யூ மஸ்ட் பி டயர்ட்' என்றால் களைத்துப்போகவேண்டும் என்று யாரும் உத்தரவிடவில்லை. களைத்திருப்பீர்கள் என்ற உறுதியான ஊகம் அது.

ஷேல் எல்லாம் இப்ப யாராவது பேசுவாங்களா?

பேச்சில் கேள்வியாக மட்டும் மிச்சம் இருக்கிறது. 'ஷேல் ஐ ஓப்பன் த விண்டோ?' என்றால் 'திறக்கட்டுமா?'. நம் 'ட்டுமா'வுக்கு இவ்வளவு பொருத்தமான சொல் வேறு கிடையாது. மற்றபடி அதன் வீடு சட்டப் புத்தகம்.

நம் மாவட்டமே ஷேல் என்ற சொல்லில் பிறந்ததுதான். அரசியலமைப்பின் 3-வது பிரிவு, நாடாளுமன்றம் சட்டம் இயற்றிப் புது மாநிலம் அமைக்கலாம், எல்லைகளை மாற்றலாம் என்கிறது. அங்கே உள்ள சொல் மே. அதிகாரம் உண்டு, கட்டாயம் இல்லை. அந்த அதிகாரத்தை வைத்து 1956-ல் மாநிலங்கள் மறுசீரமைப்புச் சட்டம் வந்தது. அதன் 4-வது பிரிவில் திருவிதாங்கூர்-கொச்சியின் அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு, செங்கோட்டை தாலுகாக்கள் மதராஸ் மாநிலத்தோடு 'ஷேல் பி ஆடட்' என்று எழுதினார்கள். முதல் நான்கும் சேர்ந்து கன்னியாகுமரி என்ற தனி மாவட்டம் ஆகும், செங்கோட்டை திருநெல்வேலியோடு சேரும் என்பதற்கும் ஷேல்தான். 1956 நவம்பர் 1 அன்று அது நடந்தது. மே என்பது வாசல், ஷேல் என்பது தாழ்ப்பாள்.

ஷேல் யார் முகத்தையும் பார்த்துச் சொல்லும் கட்டளை கிடையாது, எல்லாருக்கும் பொதுவாக நிற்கும். தமிழில் வினாத்தாளில் 'நிரப்புக', 'விடை தருக' என்று வருகிற வியங்கோள் அதன் பக்கத்தில் வரும். இப்போது பிரிட்டனில் புதுச் சட்டம் எழுதுகிறவர்கள் ஷேலுக்குப் பதில் மஸ்டையே விரும்புகிறார்கள். நம் நாட்டுச் சட்டங்களில் ஷேல் இன்னும் நிலையாக இருக்கிறது. சில வழக்குகளில் ஷேலைக் கட்டாயமாக எடுப்பதா, வழிகாட்டுதலாக எடுப்பதா என்று சட்டத்தின் நோக்கத்தைப் பார்த்து நீதிமன்றங்கள் தீர்ப்புச் சொல்வதும் உண்டு.

கப்பல் பரீட்சைக்குப் படிக்கேன். கடல் விதியில் ஒரே ரூல்ல ஷேலும் மேயும் கலந்து வருது. எப்படிப் பிரிச்சுப் படிக்க?

தூத்தூர் பக்கத்துத் தம்பி ஒருவர் கேட்டது. 1972-ன் சர்வதேச மோதல் தடுப்பு விதிகளில் 17-வது விதியைச் சொல்கிறார். அந்த ஒரு விதியை மனசில் ஏற்றிக்கொண்டால் மேவும் ஷேலும் என்றைக்கும் குழம்பாது.

இரண்டு கப்பல்கள் நெருங்கி வருகின்றன, ஒன்று விலகவேண்டியது, நம்முடையது விலகவேண்டியதில்லை. முதல் கட்டத்தில் நாம் திசையையும் வேகத்தையும் அப்படியே வைத்திருக்கவேண்டும். சொல் ஷேல். நாம் குறுக்கே அசைந்தால் எதிராளி எடுத்த கணக்கு தப்பிவிடும். இரண்டாவது கட்டத்தில், அவர் விலகாமல் வருவது தெரிந்துவிட்டது. இப்போது நாமும் நடவடிக்கை எடுக்கலாம். சொல் மே, முடிவு நம் கையில். மூன்றாவது கட்டத்தில், அவர் மட்டும் விலகினால் மோதலைத் தவிர்க்க முடியாத அளவுக்கு நெருங்கியாயிற்று. இப்போது நாம் நடவடிக்கை எடுத்தே ஆகவேண்டும். மறுபடியும் ஷேல். ஒரே கடலில் சில நிமிடங்களுக்குள் கட்டாயம் அனுமதியாகி, அனுமதி கட்டாயமாகிறது. அந்த மூன்று சொல்லைத் தவறாகப் படித்தால் என்ன ஆகும் என்று கடற்கரைப் பிள்ளைகளுக்கு நான் விளக்கவேண்டியதில்லை.

கப்பல்ல 'யூ ஆர் டு ரிப்போர்ட் அட் சிக்ஸ்'னு எழுதியிருக்கு. இதுல மஸ்ட்டும் இல்ல, ஷுட்டும் இல்லயே?

ஆர் டு என்பதும் உத்தரவுதான், மேலிடத்தில் முடிவாகி எழுத்தில் வருவது. 'யூ வில் ரிப்போர்ட் அட் சிக்ஸ்' என்பதும் அப்படியே. எதிர்காலம் சொல்கிற மாதிரி இருக்கும், ஆனால் மறுப்புக்கு இடமே வைக்காத குரல். நீங்கள் கேட்டுப் புரிந்துகொண்டால் போதும், சொல்லிப் பழகவேண்டாம்.

சப்போஸ்டு டு?

விதி இருக்கிறது, நடப்பு வேறாக இருக்கலாம் என்கிற இடத்துக்கு. 'வி ஆர் சப்போஸ்டு டு வேர் ஹெல்மெட்ஸ்' என்று ஒருவர் சொன்னாலே, அவர் தலையில் ஹெல்மெட் இருக்கிறதா என்று பார்க்கத் தோன்றும். விதியை எடுத்துச் சொல்லும்போது இதை வைத்தால் விதியே பலவீனமாகிவிடும். ஆனால் 'யூ ஆர் நாட் சப்போஸ்டு டு பார்க் ஹியர்' என்பது மரியாதையாகத் தடுக்க நல்ல வழி.

மே நாட்னா கூடாதா, ஒருவேளை இல்லையா?

இரண்டும் வரும். 'யூ மே நாட் என்டர்' என்றால் நுழையக்கூடாது. 'ஹி மே நாட் கம்' என்றால் வராமல் போகலாம். தடை சொல்ல நீங்கள் எழுதும்போது இதைத் தவிர்த்து மஸ்ட் நாட் எழுதுங்கள், வாசிப்பவர் தடுமாறமாட்டார்.

மஸ்டுக்குப் பாஸ்ட் டென்ஸ் என்ன? மஸ்டட் வருமா?

மஸ்டட் என்று ஒன்று கிடையாது. நேற்றைய கட்டாயத்துக்கு ஹேட் டு: 'ஐ ஹேட் டு கோ டு நாகர்கோவில்', போகவேண்டியிருந்தது. மஸ்ட் ஹேவ் என்றால் ஊகம்: 'ஹி மஸ்ட் ஹேவ் கான்', போயிருப்பான்.

ஷுட் ஹேவ் வேறு கதை. செய்திருக்கவேண்டும், செய்யவில்லை. உங்களைப் பற்றிச் சொன்னால் வருத்தம், அடுத்தவரைப் பற்றிச் சொன்னால் குற்றச்சாட்டு. 'யூ ஷுட் ஹேவ் டோல்ட் மீ' என்று சொல்லும் முன் யோசியுங்கள். நீடன்ட் ஹேவ் என்றால் செய்துவிட்டீர்கள், தேவையே இருக்கவில்லை. விருந்தாளி சாப்பிட்டுவிட்டு வந்திருக்கிறார், நாம் சமைத்து வைத்திருக்கிறோம்: 'யூ நீடன்ட் ஹேவ் குக்ட்.' டிடன்ட் நீட் டு என்றால் தேவை இருக்கவில்லை என்பது மட்டும்தான், செய்தோமா இல்லையா என்பதை அது சொல்லாது.

'சஜஸ்ட் மீ எ குட் ஹோட்டல்' தப்புன்னு சொல்லுதாங்களே?

தப்புதான். சஜஸ்டுக்குப் பின் நேரே 'மீ' வராது. 'சஜஸ்ட் எ குட் ஹோட்டல்' அல்லது 'ஐ சஜஸ்ட் யூ டாக் டு ஹிம்'. 'சஜஸ்ட் யூ டு டாக்' என்பதும் கூடாது. அட்வைஸுக்கு அது சரி: 'அட்வைஸ் யூ டு டாக்.' அறிவுரை என்ற பெயர்ச்சொல்லை சி எழுத்து போட்டு எழுதுவார்கள், அதற்குப் பன்மை கிடையாது. 'மெனி அட்வைசஸ்' வேண்டாம். 'எ பீஸ் ஆஃப் அட்வைஸ்' என்று ஒன்றை எண்ணலாம். வினைச்சொல்லில் சி இருக்கும் இடத்தில் எஸ் வரும், ஒலி 'இசட்' மாதிரி கேட்கும்.

'வுட் யூ மைண்ட் மூவிங் யுவர் பைக்?'னு கேட்டாங்க, 'யெஸ் யெஸ்'னு சொல்லிட்டு நகர்த்தினேன். ஏன் ஒரு மாதிரி பார்த்தாங்க?

'நகர்த்தச் சொன்னால் உங்களுக்குச் சிரமமா?' என்றுதான் அவர் கேட்டார். நீங்கள் 'ஆமா, சிரமம்தான்' என்று சொல்லிவிட்டு நகர்த்தியிருக்கிறீர்கள். 'நோ, நாட் அட் ஆல்' என்பதே சம்மதம். வாயில் வராவிட்டால் 'ஷ்யூர்' என்று சொல்லிவிடுங்கள், இப்போது எல்லாருமே அப்படித்தான் சொல்கிறார்கள்.

எங்க லாட்ஜுக்கு இங்கிலீஷ்ல போர்டு எழுதணும். 'செருப்பை வெளியே விடவும்', 'சத்தம் போடக்கூடாது', 'பாறையில் இறங்கக்கூடாது'. மூணுக்கும் மஸ்ட் போட்டா போதுமா?

மூன்றும் மூன்று எடை. 'விடவும்' என்பது தமிழ்ப் பலகைக்கே உரிய நல்ல வடிவம். யாரையும் பெயர் சொல்லாமல், அதட்டாமல் வேலையைச் சொல்கிறது. அதற்கு 'பிளீஸ் லீவ் யுவர் ஷூஸ் அவுட்சைட்' போதும். இங்கே பிளீஸ் பொருந்தும், விருந்தாளிகளிடம் பேசுகிறீர்கள். சத்தத்துக்கு 'பிளீஸ் கீப் குவயட் ஆஃப்டர் டென்' என்று எழுதலாம். இரவு 10 மணி என்று நேரத்தைப் போட்டால் அது விதி என்பது தானாகவே தெரியும், மஸ்ட் தேவையில்லை.

கடற்பாறைக்கு மட்டும் பிளீஸைத் தொடவேண்டாம். குட், ஷுட், கைண்ட்லி எதுவும் வேண்டாம். அலை வழுக்கும் பாறையில் நிற்கிறவருக்கு வாசிக்க நேரம் இருக்காது, உங்கள் பணிவை ரசிக்கவும் முடியாது. 'டேஞ்சர். டூ நாட் கோ ஆன் த ராக்ஸ்.' பெரிய எழுத்தில், சிவப்பில். கீழே தமிழிலும் மலையாளத்திலும் இந்தியிலும் எழுதிவிடுங்கள்.